அண்ணியின் இன்ஜினும் என் தீயும்

அண்ணி போய்விட்ட செய்தி எங்கள் தெருவில் எனக்கு மூன்றாவதாகத்தான் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய என் மகன் சாமுவேல் நேரே வீட்டுக்கு வரவில்லை. முதலில் தோல் பதனிடுகிற மண்டி வாசலில் நின்றவர்களிடம் சொன்னான். அடுத்து சபை உபதேசியார் வீட்டில் சொன்னான். நான் அண்ணிக்குக் கொடுத்தனுப்ப நொய்க்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். உபதேசியார் சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்ததுமே விறகை வெளியே இழுத்துவிட்டேன். "உனக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல, சாராளு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். போனவர்கள் அவருக்கு நாத்தனாரா, எனக்கு நாத்தனாரா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவர் அழுது முடிக்கும்வரை நான் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியிருந்தது.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க நாலு வார்த்தை எழுதித் தரும்படி உபதேசியார் கேட்டார். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்றும் சொன்னார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். என் எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் கோணலாக இருக்காது. நடந்ததை எழுதுகிறேன். உபதேசியார் எந்த இடத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும்.

அன்னம்மாள் அம்மையாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். என் வீட்டுக்காரர் தாவீதுக்கு உடன்பிறந்த அக்காள். ராணிப்பேட்டையில் வீட்டிலேயே பட்டறை வைத்து, முழ நீளத்துக்குச் சின்னச் சின்ன நீராவி இன்ஜின் செய்து, தண்ணீர் ஊற்றித் தீ வைத்து ஓட்டிக் காட்டினவர்கள். அப்படி இன்னொரு பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இருந்திருந்தால் அவளோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணினவளைத் தேடிப் போய் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

நான் ஆம்பூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் அப்பா அங்கே தோல் மண்டியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு இங்கே மண்டியில் பாய்லர் பார்க்கிற வேலை. கல்யாணமான புதிதில், வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையை அவரே வெள்ளையடித்து, "இது உன் சமையல்கட்டு" என்று சொன்னார். அடுப்புப் போட செம்மண் குழைத்துக்கூட வைத்தாயிற்று. அந்த வாரத்தில்தான் ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டில் பிட்டராக இருந்த அண்ணியின் புருஷன் காலராவில் போனார்.

அவர் ஷெட்டு வேலை போக, வீட்டில் பொழுதுபோக்காகச் சின்ன இன்ஜின் செய்கிறவர். அண்ணி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அரம் பிடிக்கவும், கடைசல் பிடிக்கவும் பழகியிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் வீட்டார் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அண்ணி பாத்திரம் பண்டத்தையெல்லாம் அவர்களிடமே விட்டுவிட்டு, கருவிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாட்டு வண்டியில் பெரிய பெட்டிகளாக வந்து இறங்கியது. பாத்திரமாக்கும் என்று நினைத்து ஒரு பெட்டியைத் தூக்கப்போய் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அத்தனையும் இரும்பு.

பெட்டிகள் பின்னறைக்குள் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார். குழைத்து வைத்த செம்மண் காய்ந்து வெடித்துப்போனது. எனக்கு வெளியே ஓலைச் சார்ப்பு இறக்கி அதில் அடுப்புப் போட்டுக் கொடுத்தார்கள். மழை பெய்தால் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் குடையுமாகச் சமைப்பேன்.

பட்டறை அமைந்த விதத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கிழக்கே ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினார்கள், வெளிச்சத்துக்காக. மண்டியில் தோலை மேலே போட்டுச் சதை சுரண்டுகிற மரம் ஒன்று விரிசல் விட்டுக் கழித்துப்போட்டிருந்தது. அதை அறுத்து வேலை மேசையாக்கினார்கள். அதன் விளிம்பில், சாமானைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். ஜன்னல் ஓரத்தில் காலால் மிதிக்கிற கடைசல் மெஷின். மிதிக்கும் சக்கரத்துக்கும் கடைசலுக்கும் நடுவே ஓடுகிற வார் எங்கள் மண்டித் தோல். உலைக்குக் காற்று ஊதுகிற துருத்தி ஆட்டுத்தோல். சுத்தியல் பிடி ஆடினால் அதற்கும் ஒரு தோல் துண்டு. எங்கள் பக்கத்தில் எது கழன்றாலும், எது ஒழுகினாலும் கை தானாகத் தோலைத்தான் தேடும். ஆவாரம்பட்டையில் ஊறிப் பழுத்த தோலைவிட உயர்ந்த சாமான் உலகத்தில் இல்லை என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அண்ணி புடவைமேல் புருஷனுடைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு கடைசல் முன்னால் உட்கார்ந்தால், பித்தளை பொன் சுருள் சுருளாக உதிரும். எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க ஆசை. "கைய வைக்காத, அறுத்துடும்" என்பார்கள். பெருக்கி வாரும்போது மட்டும் தொடலாம்.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து கை கால் கழுவினதும் நேரே அந்த அறைக்குத்தான் போவார். இரண்டு தலையும் ஒரு சின்ன உருளைமேல் கவிழ்ந்திருக்கும். "அக்கா, அந்த..." என்று இவர் ஆரம்பித்தால், "வெச்சிட்டேன்" என்று அவர்கள் முடிப்பார்கள். எந்த எது, எங்கே வைத்தது, எனக்குத் தெரியாது. என்னோடு அவர் முழு வாக்கியமாகத்தான் பேசுவார்; பாதியில் புரிந்துகொள்ள எங்களுக்குள் ஒன்றும் இல்லை. நான் மோர் கொண்டுபோய் வைப்பேன். கொண்டுவந்தது யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே இரண்டு பேரும் எடுத்துக் குடிப்பார்கள்.

பாய்லருக்குச் செம்புத் தகடு வேண்டியிருந்தது. என் தாய்வீட்டுச் செம்பு அண்டா பரண்மேல் இருந்தது. அண்ணி கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அண்ணிக்கு அது தெரியும். என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னார்கள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த மாதம் முழுவதும் பேசாத அளவு அன்பாகப் பேசினார். கொடுத்துவிட்டேன். அதை அவர்கள் கத்தரித்த சத்தம் இன்னும் என் பல்லில் கூசுகிறது. ஆனால் பாய்லர் அழகாகத்தான் வந்தது. பற்றவைத்த இடம் எது என்று விரலால் தடவினாலும் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பாய்லரைத் தீயில் வைத்துச் சோதித்தபோதுதான் அண்ணியிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவர்களுக்குத் தீ நிற்காது. கரியை மொத்தமாகக் கொட்டுவார்கள். குப்பென்று எரியும், தண்ணீர் கொதித்துக் குழாய் வழியாகத் துப்பும், பிறகு அவிந்துபோகும். மூன்றாம் தடவை அவிந்தபோது, "சாராளு, அடுப்பு உன் வேல தான, வந்து பாரு" என்றார்கள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். கருவேலங்கரியைச் சின்னதாக உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒரே சீராக நீராவி எழும்பவைத்தேன். என் வீட்டுக்காரர் மண்டியில் தீ போடுகிறவர்களைவிட நான் தேவலை என்றார். அண்ணி கரிக்கூடையை என் பக்கம் தள்ளிவைத்தார்கள். அன்றையிலிருந்து அந்த அறைக்குள் எனக்கும் ஒரு மூலை கிடைத்தது. தரையில்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் இன்ஜினை ஓட்டிக் காட்டுவதாக அண்ணி சொல்லிவிட்டார்கள். மண்டியில் தோலைப் போட்டுச் சுற்றுகிற பீப்பாய் மாதிரி ஒரு குட்டிப் பீப்பாயை அது சுற்றும். சிலிண்டருக்குள் ஓடுகிற பிஸ்டனைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்க ஏதாவது வேண்டும். அண்ணியின் புருஷன் கொழுப்பில் தோய்த்த பருத்தி நூலைச் சுற்றுவாராம். அண்ணி அதை மாற்றினார்கள். "அவர் ஊர்ல நல்ல தோல் கெடைக்கல, நூல சுத்துனாரு. நமக்கு இன்னா கொற?" என்று, மண்டியிலேயே மேலான ஆட்டுத்தோலில் வளையம் வெட்டிப் போட்டார்கள். துருத்தியால் காற்று ஊதிப் பார்த்தபோது எண்ணெய் ஊற்றினதுபோல் ஓடியது. பாய்லரைத் தனியாகச் சோதித்தாயிற்று, பிஸ்டனைத் தனியாகச் சோதித்தாயிற்று. இரண்டையும் சேர்த்துச் சோதிக்கப் பொழுதில்லாமல் பண்டிகை வந்துவிட்டது.

கோயில் புளியமரத்தடியில் மேசை போட்டு இன்ஜினை வைத்தார்கள். ஒரு பக்கம் காணிக்கையாக வந்து ஏலத்துக்கு வைத்த பூசணிக்காயும் கோழியும். சபை முழுக்கச் சுற்றி நின்றது. நான் கீழே உட்கார்ந்து கரித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீராவி சரியாக எழும்பி, மிச்சத்தை வெளியே விடுகிற மூடி லேசாக முணுமுணுத்தது. என் கையில் அதற்குமேல் ஒரு கரிகூட இல்லை. அவ்வளவு கணக்காக வைத்திருந்தேன். அண்ணி குழாயைத் திறந்தார்கள். சக்கரம் சுற்றியது, பீப்பாய் சுற்றியது, ஜனங்கள் ஆவென்று பார்த்தார்கள். பிறகு சக்கரம் தள்ளாடியது. முனகியது. நின்றுவிட்டது. அண்ணி விரலால் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஓட வழியில்லாத நீராவி மூடியைத் தூக்கிக்கொண்டு கத்தியது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களின் காலை மிதித்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

போதகர் என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி குனிந்து என்னைப் பார்த்தார்கள்.

"தீ ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார்கள்.

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்கக் கையில் ஒன்றும் இல்லை. "ஆம்பூர்க்காரிக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். அவள் பெயர் எனக்குத் தெரியும். அவளும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து சிலிண்டரைப் பிரித்தார்கள். தோல் வளையம் கொதிநீராவியில் வெந்து, கறுத்துச் சுருங்கி, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடுங்கி எடுத்தபோது கொட்டாங்குச்சித் துண்டுபோல் மேசையில் விழுந்து சத்தம் போட்டது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். தீ எவ்வளவு இருந்தாலும் அந்தத் தோல் வெந்துதான் போயிருக்கும். தோலிலேயே பிறந்து தோலிலேயே வளர்ந்த மூன்று பேருக்கும் அது அதுவரைக்கும் தோன்றவில்லை.

"கோயில்ல சொல்லுங்க, அண்ணி" என்றேன். "ஆவட்டும், வர்ற ஞாயித்துக்கெழம" என்றார்கள். எத்தனையோ ஞாயிறு வந்தது.

அதற்குப் பிறகு கோயிலில் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கு என்னை அடுப்பண்டை விடவில்லை. அதுவரை சபைக்குப் பெரிய அண்டாவில் சோறு வடித்தவள் நான். அந்த வருஷம் கரண்டியை எடுக்கப் போனால், "சாராளு, நீ வெங்காயம் உரி. உனக்குத் தீ ஜாஸ்தி" என்று சிரித்தார்கள். அடுத்த வருஷமும் வெங்காயம். பிறகு அதுவே வழக்கமாகிப்போனது. இன்றைக்குச் சின்னப் பெண்களுக்கு ஏன் என்றுகூடத் தெரியாது. சாராள் ஆயா வெங்காயம் உரிப்பாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் தாங்காமல், ஏன் சொல்லவில்லை என்று நேருக்கு நேர் கேட்டேன். அண்ணி அரத்தை நிறுத்தவில்லை. "நான் தப்பு பண்ணேன்னு சொன்னா பட்டறைய மூடுன்னுவாங்க. பொம்பளைக்கு எதுக்கு இதுன்னு கேக்க எல்லாரும் காத்துனு கீறாங்க. நீ தப்பு பண்ணேன்னா அடுப்ப மூடுன்னு எவனாவது சொல்லுவானா?" என்றார்கள்.

கோயில் அடுப்பை எனக்கு மூடத்தானே செய்தார்கள் என்றேன். சில நாள் கழித்து என் ஓலைச் சார்ப்பு அடுப்புக்கு இரும்புக் கம்பியில் ஒரு தட்டு செய்து கொண்டுவந்து வைத்தார்கள். சாம்பல் கீழே இறங்கும், தீ மேலே சீராக நிற்கும். "சும்மா கெடந்துச்சு, இந்தா" என்றார்கள். சும்மா கிடந்ததற்கு அவ்வளவு வழவழவென்று அரம் போடுவார்களா? இன்றைக்கும் என் அடுப்பில் அதுதான் இருக்கிறது. ஆனால் நான் தட்டு கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டேன்.

சுருங்கின அந்தத் தோல் வளையத்தைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். அடுத்த வருஷம் நூல் சுற்றி, என் தீயில், பண்டிகைக்கு இன்ஜின் ஓடியது. அதன்பிறகு ஒவ்வொன்றாக எத்தனையோ செய்தார்கள். வேலூர் லாங் பஜாரில் பழம்பித்தளை விற்கிற கடைக்காரர் நல்ல கட்டியாக வந்தால் அண்ணிக்கென்று எடுத்து வைப்பார். மண்டி துரை வந்து அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வந்தவர்கள் எல்லாரும் ஆணியில் தொங்குவது என்ன என்று கேட்பார்கள். "என் புத்தி" என்பார்கள் அண்ணி. ஆகா, எவ்வளவு அடக்கம் என்று போவார்கள். யார்மேல் பழியைப் போட்ட புத்தி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் அங்கேதான் தரையில் உட்கார்ந்து கரி உடைத்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து கடைசி நாட்களில், "அக்கா, ஒரு தரம் ஓட்டு" என்றார். கட்டிலண்டை மேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் தீ வைத்தேன், அண்ணி குழாயைத் திறந்தார்கள். அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் அப்படித் தெளிந்தது. கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. சக்கரத்துக்குக் கீழே தீ இருந்தது. தீக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தியிருந்தால் போதும்.

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இருந்தோம். சண்டை போட்டுக்கொண்டே இருந்தோம் என்று தெருவில் சொல்லுவார்கள். வேறே யாரோடு போடுவது? அண்ணிக்குக் கண்ணில் பூ விழுந்தது. கடைசல் நின்றது. பிஸ்டனுக்கு நூல் சுற்றுவதை நான் எடுத்துக்கொண்டேன். சுற்றி முடித்ததும் அண்ணி விரலால் தடவிப் பார்த்து, "பரவால்ல" என்பார்கள். ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின காலையில் அண்ணிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அன்னிக்குத் தீ சரியாதான் இருந்துச்சு, சாராளு" என்றார்கள்.

"எனக்கு எதுக்கு சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? கோயில்ல சொல்லியிருக்கணும்."

"இப்ப எழுந்து போற நெலமையிலயா கீறேன்? நீயே சொல்லு."

"நான் சொன்னா யாரு நம்புவா?"

"என் சாவுல சொல்லு. பொணத்தப் பக்கத்துல வெச்சிக்கினு எவளும் பொய் சொல்ல மாட்டான்னு நம்புவாங்க." சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். இருமல் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். அவர் முடித்ததும் உபதேசியார் சம்சாரம் அழ ஆரம்பித்தார். அந்த அழுகைக்கு முன்னால் யார் பேச்சு எடுபடும்? அதனால்தான் எழுதுகிறேன். உபதேசியார் இந்த இடத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். அந்த அறுப்பின் பண்டிகையில் தீ சரியாக இருந்தது. வெந்தது தோல். தோலை வெட்டிப் போட்டது அண்ணி. இதைச் சொல்லச் சொன்னதும் அண்ணி.

இதிலும் பெயர் அவர்களுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். சாகிற நேரத்திலும் உண்மையைச் சொல்லச் சொன்ன மனுஷி என்று கூட்டம் முடிந்து போகிற வழியெல்லாம் பேசுவீர்கள். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் உத்தமி, கேட்டுக்கொண்டே இருந்தவள் சண்டைக்காரி. பேசிவிட்டுப் போங்கள். வருகிற அசனத்துக்கு நான் வெங்காயம் உரிக்க மாட்டேன். பெரிய அண்டா வைக்கிற அடுப்பண்டைதான் வந்து நிற்பேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தேன். தோல் வளையம் ஆணியில்தான் இருந்தது. இருக்கட்டும், இனி யார் கேட்டாலும் முழுக்கதையையும் நான் சொல்லுவேன். கடைசியாகச் செய்த இன்ஜினில் தண்ணீர் ஊற்றித் தீ வைத்தேன். நீராவி எழும்பினதும் வழக்கம்போல அண்ணியின் கைக்காகக் காத்திருந்தேன். பிறகு நானே குழாயைத் திறந்தேன். ஓடியது. நீங்கள் இல்லாமலும் அது ஒரு முனகல் இல்லாமல் ஓடியது, அண்ணி. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறீர்கள். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

போய் வாருங்கள். அங்கே உங்கள் தம்பி முன்னாடியே போய் ஜன்னலைப் பெரிதாக்கி வைத்திருப்பார். இரண்டு பேரும் மறுபடியும் ஓர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, பாதிப் பாதி வார்த்தையாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள், நான் ஒருத்தி இருந்த நினைப்பே இல்லாமல். பேசுங்கள். எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் போட்டு, தயாராக வைத்திருங்கள். தீ வைக்க உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் வருகிறவரைக்கும் அது ஓடாது.